பெயர் சொல்லி அழைத்தால்

ஆறாவது கேள்வியில் வந்து பேனா நின்றுகொண்டது. முதல் ஐந்தையும் ஆவுடை ஒரே மூச்சில் போட்டுவிட்டாள். பிள்ளை சிரிக்கிறதா, ஆம், மற்ற பிள்ளைகளை நின்று பார்க்கிறதா, ஆம், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, அதற்கும் ஆம், அந்த ஆமில் மட்டும் டிக் கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது. தாளைக் கொடுக்கும்போதே சிஸ்டர் சொல்லித்தான் கொடுத்தாள், “உள்ளத உள்ளபடி போடுங்கம்மா, இது பரிச்ச இல்ல, மார்க்கு வாங்க வேண்டாம்.” ஆனால் தாளும் பேனாவும் கைக்கு வந்துவிட்டால் ஆவுடைக்கு அது பரிச்சைதான். பத்தாவதில் நானூற்றுப் பதினாறு வாங்கினவள், பன்னிரண்டாவது முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அதற்கப்புறம் மார்க்கு வாங்க யார் அவளுக்குத் தாள் கொடுத்தார்கள்? இருபது கேள்விக்கும் ஆம் போட்டால் இருபதுக்கு இருபது, டாக்டர் பார்த்துவிட்டு, உங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா, எதுக்கு இம்புட்டுத் தூரம் ரெண்டு பஸ் மாறி வந்திய என்று திருப்பி அனுப்பிவிடுவார், மத்தியானத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். பெரியாஸ்பத்திரியின் நீள வராந்தாவில் பதினோராம் நம்பர் அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் போட்ட கணக்கு இதுதான். டோக்கன் பதினாலு. உள்ளே ஒன்பது ஓடிக்கொண்டிருக்கிறது. அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பதால் வாசலில் முப்பது நாற்பது செருப்பு கன்னாபின்னாவென்று கிடந்தது. அதற்கு நடுவில்தான் மஞ்சள் கவுனோடு அவள் பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. தாளில் ஆறாவது கேள்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது: பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா?

பெயர் சொல்லி. யார் சொல்லி? இந்த மூன்றரை வருஷத்தில் பிள்ளையின் பெயரை ஆவுடை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சொல்லப்போனால் சிரிப்பீர்கள். அது அவள் மாமியாரின் பெயர். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. இந்தக் காலத்தில் இதையெல்லாம் எவள் பார்க்கிறாள் என்று கேட்கலாம்தான், ஆனால் சங்கரன்கோவிலுக்கு மேற்கே அவள் வாக்கப்பட்டுப் போன தெருவில் இன்றைக்கும் பார்க்கிறார்கள். மாமியார் போய் முதல் வருஷத் திதி கழிந்த நாலாம் நாள் பெண்பிள்ளை பிறந்தது. கிழவி திரும்பி வந்துட்டா என்று தெருவே சொன்னது, வேறு பெயரைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட இல்லை. அத்தைக்காரி பிள்ளையின் காதுக்குள் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னாள், சீனித்தண்ணி தொட்டு வைத்தாள், அவ்வளவுதான், அன்றைக்கு உள்ளே போன பெயர் பிறகு வெளியே வரவே இல்லை. புருஷன் இசக்கிராஜ் பெற்ற தாயின் பெயரைச் சொல்லி அதட்டவா முடியும், அவனுக்குப் பிள்ளை ‘ஆத்தா’. ஆவுடைக்குப் ‘பாப்பா’. மற்றவர்களுக்கு இஷ்டம்போல் குட்டி, தங்கம், பட்டு. தடுப்பூசி போடுகிற நர்ஸ் பெயர் கேட்டால் ஆவுடை அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனபோதும் அப்படித்தான், அந்த ஆள் ஊமையோ என்று நினைத்துக் கையால் ஜாடை காட்டிப் பேசினார். சங்கரன்கோவிலில் கோயில் கொண்டிருக்கிறாளே தாயார், அவள் பெயர்தான், தெரிந்தவர்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், நாமும் இப்போது ஆவுடையின் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறோம், சொல்லாமலே இருப்போம். சந்நிதியில் நின்று அழுதபோதுகூட ஆவுடை ‘ஆத்தா, ஆத்தா’ என்றுதான் அழுதாள், பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடாததால்தான் தாயாரும் திரும்பிப் பார்க்கவில்லையோ என்னமோ. அந்த மாமியார் இருக்கிறாளே, வாயென்றால் அப்படி ஒரு வாய், ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ‘ஏட்டி ஆவுடே’ என்று ஆரம்பித்தால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். பெயரைக் கொடுத்தவள் அந்த வாயில் கால்வாசியையாவது கொடுத்திருக்கக்கூடாதா?

பக்கத்தில் இருந்த பெண் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். பேனா அவளுடையதுதான், கைப்பிள்ளைக்கு ஏதோ காது சோதனை என்று வந்திருக்கிறாள், கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு மங்காமல் இருந்தது. “பாருங்கக்கா, செருப்ப எம்புட்டு அழகா அடுக்குது. எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், கழட்டி எறிஞ்சா ஒண்ணு வாசல்ல, ஒண்ணு தெருவுல.” பிள்ளை நிஜமாகவே அடுக்கிக்கொண்டுதான் இருந்தது. சின்னதிலிருந்து பெரிசு வரை, நுனியெல்லாம் ஒரே கோட்டில், இடது வலது மாறாமல். “பொறுப்பான புள்ள. என்ன கண்ணு, ஒன் பேரென்ன?” என்று அவள் கேட்டதுதான் தாமதம், ஆவுடையின் கை தானாகக் கட்டைப்பைக்குள் போய்விட்டது. பொட்டலத்தைத் தடவி, ஒரு கமர்கட்டை எடுத்து, எழுந்துபோய்ப் பிள்ளையின் வாயில் வைத்தாள். “வாயில மிட்டாய் கெடக்கு, எங்க பேசப்போறா” என்று சிரித்தாள். இந்தச் சிரிப்பைச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் பழகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஆவுடை ஒரு கமர்கட்டை வைத்து மூடினாள். இரண்டு வயசில் ஆரம்பித்தது. கல்யாண வீடோ, கோயில் கொடையோ, தெருவில் எவளாவது ‘என்ன சொல்லுதா ஒம் மக’ என்று நெருங்கி வந்தாலே போதும், மிட்டாய் பிள்ளையின் வாய்க்குள் போய்விடும். பேச வராத பிள்ளை என்று யாரும் சொல்ல வேண்டாம், மிட்டாய் தின்கிற பிள்ளை என்று சொல்லட்டும். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்று அவளுக்கே ஒவ்வொரு தடவையும் பயம்தான், ஆனாலும் போடுவாள். முன்பல் நாலும் கறுத்துப்போய்விட்டது. பல்லைப் பார்த்துப் புருஷன் சத்தம் போட்டான், வாங்கித் தராதேன்னா கேக்கியா என்று. மிட்டாய் பிள்ளைக்கு இல்லை, ஊருக்கு என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் சேர்த்துத்தான் போட்டாள், தனக்கும் சேர்த்துத்தான்.

ஜெசிந்தா டீச்சருக்கு மட்டும் மிட்டாய் போட முடியவில்லை. பால்வாடியில் இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், சேர்த்த பத்தாம் நாளே ஆவுடையை நிற்கச் சொல்லிவிட்டாள். “தப்பா எடுத்துக்கிடாத ஆவுட. புள்ள மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா. டப்பா தொறக்கணும்னா வாய் தொறந்து கேக்கல, கைய நீட்டிக் காட்டவும் இல்ல, எங் கையப் பிடிச்சு டப்பா மேல கொண்டுபோயி வைக்கா. மிக்சி ஓடுனா காதப் பொத்திக்கிட்டு மூலைக்கு ஓடுதா. கைய இப்படி இப்படி உதறுதா. பேரச் சொல்லி எத்தன தடவ கூப்பிட்டாலும் திரும்பல.” எல்லாவற்றையும் ஆவுடை குனிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில் பெயர் என்ற சொல் வந்ததும் தலை நிமிர்ந்துவிட்டது. குளத்தில் முங்கப்போகிறவளுக்குப் படிக்கட்டு தட்டுப்பட்டாற்போல ஆகிவிட்டது. “டீச்சர், அவ பேரு அதுன்னு அவளுக்கே தெரியாது. எங்க வீட்டுல யாரும் அப்படிக் கூப்பிடுறதில்ல. எங்க மாமியார் பேருல்லா!” டீச்சர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். “சரி, பாப்பான்னு கூப்பிட்டா திரும்புதாளா?” என்றாள். தெருவில் எல்லாப் பிள்ளையும் பாப்பாதானே டீச்சர், யாரைக் கூப்பிடுதாகன்னு அது என்னத்தக் கண்டது என்று ஆவுடை சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது நடை துள்ளிக்கொண்டு வந்தது. பெயர்தான் கோளாறு, பிள்ளையில் கோளாறு இல்லை. இதை வைத்துக்கொண்டே ஆறு மாசம் ஓட்டிவிட்டாள். இசக்கிராஜ் தறிக்குப் போகும்போது செருப்பைத் தேடுவான், அவன் செருப்பு வரிசையில் கடைசியாக ஒழுங்காக நிற்கும், “பாத்தியா, ஆத்தா எடுத்து வச்சிருக்கா. நானே அஞ்சு வயசுலதான் பேசுனேனாம், சும்மா கெட” என்பான். நாத்தனார், போனுல படம் போட்டுக் காட்டிக் கெடுத்துட்டிய மைனி என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்தியோ என்றாள். ஆவுடை உட்கார்ந்து யோசித்தாள், கிரகணமா, வந்தேனா, துணி எடுக்க ஒரு தடவை, ஐயோ அன்றைக்கா? போன வாரம் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை. “மூணு வயசுல கொண்டுபோனா ஒரு மாதிரி, ஆறு வயசுல கொண்டுபோனா வேற மாதிரி. பழக்கிவிட ஆளு இருக்காக, பயிற்சி இருக்கு. எம் மேல கோவப்படு, பரவால்ல. நாளப் போக்காத தாயி.” அந்தத் ‘தாயி’யில்தான் ஆவுடை அழுதாள். அதைச் சொல்ல வேண்டியது வேறு ஒரு சின்ன வாய், அந்த வாய் சொல்லவில்லை, யாரோ ஒரு டீச்சர் சொல்லிவிட்டுப் போகிறாள்.

பதினொன்று உள்ளே போனது. பிள்ளை எழுந்து வந்தது. வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவளை அல்ல, மணிக்கட்டை. அதைக் கொண்டுபோய்க் கட்டைப்பையின் வாயில் வைத்து அழுத்தியது, தண்ணி பாட்டில் வேண்டுமாம். கண் பாட்டிலில் இருந்தது. இங்கே பாரு, இங்கே ஒருத்தி இருக்கேன் பாரு, இந்தக் கைக்கு மேல ஒரு தோளு, தோளுக்கு மேல ஒரு மூஞ்சி, ஒன்னையவே பாத்துக்கிட்டு இருக்கு பாரு. பிள்ளை குடித்துவிட்டுச் செருப்புக்குப் போய்விட்டது. ஆவுடைக்குப் பேச்சுகூட வேண்டாம். பேசாவிட்டால் போகிறது, ஊரில் பேசுகிறவர்கள் எல்லாம் என்ன வாழ்கிறது? ஒரு பார்வை வேண்டும். ஒரே ஒரு தடவை கிடைத்திருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றேகால் வயசு, சித்திரை வெயில், கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுகிறாள், சிவப்பு வாளி, பித்தளைச் செம்பு, செம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, தண்ணீர் காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்தில் இறங்கியது, பிள்ளை சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்து நேராக அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தது. ஒன்று இரண்டு மூன்று எண்ணுகிற நேரம் இருக்குமா? ஆவுடையின் நெஞ்சு நிறைந்துபோய்விட்டது, ஐயோ எம் பிள்ள என்னயப் பாக்குது, என்னயத் தெரியுது அதுக்கு. அந்த மூன்று எண்ணுகிற நேரத்தை வைத்துக்கொண்டு இரண்டேகால் வருஷமாக உயிர்வாழ்கிறாள். தினமும் காலையில் அதே கல், அதே செம்பு, செம்பை அதே மாதிரி இடப்பக்கம் சாய்த்து ஊற்றுவாள். வாளி விரிசல் விட்டபோது இசக்கிராஜ் புதுசு வாங்கிவந்தான், நீலம். வேண்டாம் என்று பழசையே சூடு வைத்து ஒட்டி வைத்துக்கொண்டாள், அவன் தலையில் அடித்துக்கொண்டான். தண்ணீர் ஊற்றுவாள், குனிந்து பார்ப்பாள், பிள்ளை வாளிக்குள் ஆடுகிற வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாளைக்குப் பார்க்கும் என்று துவட்டிவிடுவாள். நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை செம்பு தண்ணீர் ஊற்றியிருப்பாள், ஒரு குளமே நிறைந்திருக்கும்.

“பன்னெண்டு” என்று சிஸ்டரின் குரல் கேட்டது. பேனா இன்னும் ஆறாவதில்தான். ஆம் போடு ஆவுடை, போட்டுவிட்டுப் போ. கூப்பிட்டால் திரும்பியிருக்கும், யாரும் கூப்பிடவில்லை, அதனால் அது பொய்யில்லை. இல்லை போடு. எப்படிப் போடுவது, கூப்பிட்டதே இல்லையே, அது மட்டும் மெய்யா? சரி, கூப்பிட்டுத்தான் பார்த்திருக்கலாமே. இந்த இடத்தில்தான் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் இடறி நின்றுவிடும். மத்தியானங்களில் வீட்டில் யாரும் இல்லை, அவளும் பிள்ளையும்தான், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை கூப்பிட்டால் எவன் கேட்கப்போகிறான்? இரண்டு தடவை உதட்டைக் குவித்திருக்கிறாள். முதல் எழுத்து தொண்டைக்கு வந்தது. வந்ததை விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மாமியாருக்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டாள். மரியாதையாம், மண்ணாங்கட்டி! அந்த மனுஷி உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக, ‘ஏட்டி கூறுகெட்டவளே, எம் பேரச் சொல்லிக் கூப்பிடுட்டி, புள்ள திரும்புதான்னு பாப்போம், பேரு என்ன தேஞ்சா போயிரும்’ என்று கத்தியிருப்பாள். அப்புறம் எதற்குப் பயம்? ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசத்துக்கு நடுவே அது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது, தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூப்பிடாதவரைக்கும் ஒரு சாக்கு இருந்தது. கூப்பிட்டுப் பிள்ளை திரும்பாமல் போய்விட்டால் அப்புறம் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. முழுப் பூசணிக்காயை மாமியார் பெயரில் மறைத்துவைத்திருந்தாள் இத்தனை நாளும். ஆறு மாசம். டீச்சர் சொன்னதற்கு அப்புறமும் ஆறு மாசம். ஒருவேளை திரும்பிவிட்டால்? அந்த ஆசை இருக்கிறதே, அது போய்த் தொலையவும் மாட்டேன் என்கிறது. திரும்பட்டுமே. காதுக்குள் மூன்று முறை போட்ட பெயர் எங்கேயாவது தங்கியிருக்காதா, இவ்வளவு நாளும் அது யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கக்கூடாதா, அம்மா ஏன் இம்புட்டு நாளா என்னயக் கூப்பிடல என்று திரும்பிப் பார்த்துவிட்டால், அந்தச் செம்புத் தண்ணீர் நாள் மாதிரி நேராகக் கண்ணைப் பார்த்துவிட்டால், ஆத்தா தாயே, ஒனக்குத் தேங்காய் என்ன, மாவிளக்கே எடுக்கிறேன்.

“கோமதி” என்றாள் ஆவுடை.

சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். “கோமதி.” பக்கத்துப் பெண்ணுக்கு மட்டும் கேட்டிருக்கும். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எங்கிருந்து வந்தது அந்தக் குரல், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எட்டு வீட்டுக்குக் கேட்குமே, அந்தக் குரல், “கோமதீ!” என்று வராந்தா முழுக்க முட்டிக்கொண்டு ஓடியது. திரும்பினார்கள். தூண் பக்கம் சாய்ந்திருந்த ஒரு வயசாளி திரும்பினாள். மாப்புக் குச்சியோடு தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து “யாரு, என்னையவா?” என்றாள். பேனாக்காரி தோளைத் தொட்டு, “எக்கா, எம் பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அந்தச் சீமையில் கூட்டத்துக்குள் அந்தப் பெயரைச் சொன்னால் மூன்று பேராவது திரும்பாமல் இருப்பார்களா? மூன்று கோமதிகளும் ஆவுடையைப் பார்த்தார்கள். நாலாவது கோமதி ஒரு ரப்பர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது நீலத்துக்கு முன்னால் போகவேண்டுமா பின்னால் போகவேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கழுத்துகூட அசையவில்லை. மஞ்சள் கவுனின் முதுகுப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. காலையில் அவசரத்தில் அதைப் போடாமல் விட்டுவிட்டோமே என்று ஆவுடை நினைத்தாள்.

அவள் அழவில்லை. அழுவேன் என்றுதான் நினைத்திருந்தாள். நெஞ்சுக்குள் எதுவோ இறங்கி உட்கார்ந்துகொண்டது, வலித்தது, ஆனால் இவ்வளவு நாளும் தூக்கிச் சுமந்ததைக் காட்டிலும் கனம் குறைவாகத்தான் இருந்தது. தாளைத் தொடையில் வைத்து ஆறாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டாள். பிறகு மேலே போனாள். விரல் நீட்டிக் காட்டுகிறதா, அடித்துவிட்டு இல்லை. மற்ற பிள்ளைகளை நின்று பார்க்கிறதா, அடித்துவிட்டு இல்லை. சிரிக்கிறதா என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், அதை ஆம் என்றே விட்டுவிட்டாள், அது பொய்யில்லை, பார்த்தவள் அவள். கீழே மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் கை மளமளவென்று ஓடியது, இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, ஒரு கேள்விக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். “புள்ளைக்கும் எம் பேருதானாக்கா? எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள் பேனாக்காரி. “ஆமா. எனக்கே இன்னைக்குத்தான் சொல்ல வந்துச்சு” என்றாள் ஆவுடை. சிஸ்டர் கதவைத் திறந்து கையிலிருந்த லிஸ்டைப் பார்த்தாள். “பதினாலு. கோமதி. கோமதி யாரும்மா?” ஆவுடையின் கையில் பழக்கதோஷத்தில் அட்டை மேலே எழும்பப் பார்த்தது. கீழே இறக்கிக்கொண்டாள்.

“எம் புள்ளதான் சிஸ்டர். கோமதி. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா, வாயில மிட்டாய் இல்லாட்டியும் பேச மாட்டா. கொஞ்சம் பொறுங்க, நான் போயிக் கூட்டிட்டு வாரேன்.”

வாசலுக்குப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு ஜோடி பாக்கி இருந்தது, அது வைத்து முடிக்கிறவரை காத்திருந்தாள். முதுகுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு தன் செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்தாள், அது சற்றுக் கோணலாக நின்றது. கோமதி நிமிர்ந்து பார்க்காமலேயே ஒரு விரலால் அதைத் தள்ளி நேராக்கினாள். ஆவுடை அந்த விரலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.